பிள்ளை அழாத ஊருக்கு நாலு பெண்கள்

மூன்று வாரத்துக்குள் நான்கு பெண்களோடு திரும்பி வர வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை இவ்வளவுதான்.

மேற்கு ஜெர்மனியில் ரைன் நதியோரம் ஒரு சின்ன ஊர். அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். இல்லத்தின் தலைமைச் சகோதரி ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "செலின், உங்கள் ஊரில் பெண்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். ராயபுரத்தில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நான்கு பேராவது கிடைக்காவிட்டால் மேல்மாடியை மூடிவிடப் போவதாகச் சொன்னார். மேல்மாடியில் இருப்பவர்கள் எல்லோரும் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவிகள். அவர்களைத் தூரத்து நகரத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த புதிதில் எங்கள் இல்லத்துக்கு எதிரே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரசவம் குறைந்து, கட்டில்கள் காலியாகி, கடைசியில் அதுவும் முதியோர் இல்லமாகிவிட்டது. தொட்டில்களை எங்கள் நிலவறையில் கொண்டுவந்து அடுக்கினார்கள். நாங்கள் அவற்றில் அழுக்குத் துணி போட்டு வைத்தோம். பக்கத்து நாடுகளிலிருந்து வரும் சகோதரிகளும் இதையேதான் சொல்வார்கள். ஹாலந்தில் மடத்தில் சேரப் பெண்கள் இல்லையாம், பெல்ஜியத்தில் பள்ளிக்கூடத்து வகுப்புகளை ஒன்றாகச் சேர்க்கிறார்களாம். தொழிற்சாலை வேலைக்கு இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் ஆட்களை வரவழைக்கிறார்கள். கீழ்மாடியில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "எங்கள் தெருவில் குழந்தை அழும் சத்தம் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. இப்போது நாய்தான் குரைக்கிறது" என்பார். நல்லதாயிற்று, நிம்மதியாகத் தூங்கலாமே என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஊருக்கு வந்து சேர்ந்த முதல் நாளே அந்தத் தபால்காரரை நினைத்துக்கொண்டேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் அண்ணன், சென்ட்ரலுக்கு டாக்ஸியோடு வந்திருந்தார். ராயபுரம் வருவதற்குள் ஒரு ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, கேட் திறக்கிற வழியாக இல்லை. அதற்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் டாக்ஸியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் இறங்கித் துரத்தினார். ஒரு பக்கம் இறங்கியவர்கள் மறுபக்கம் ஏறினார்கள். ஜெர்மனியில் ஒரு தள்ளுவண்டியில் ஒரு குழந்தை போனால் நாலு பெரியவர்கள் நின்று குனிந்து பார்ப்பார்கள். இங்கே ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணி புஷ்பம் நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். அங்கே எங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் மீன் உண்டு. ஐஸ் பெட்டியில் சதுர சதுரமாக வரும், தலையும் இருக்காது, முள்ளும் இருக்காது, ருசியும் இருக்காது. நான் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன். அண்ணனுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தும் வரிசையாக உட்கார்ந்து, நான் சாப்பிடுவதை வாய் மூடாமல் பார்த்தன.

சாப்பிட்டுப் படுக்கலாம் என்று பார்த்தால், குடும்பக் கட்டுப்பாட்டு அம்மாள் வந்துவிட்டாள். கையில் துணிப்பை, பை நிறையச் சிவப்பு முக்கோணம் போட்ட காகிதங்கள். எதிர்வீட்டுச் சுவரிலும் அதே முக்கோணம் பெரிதாக எழுதியிருந்தது. ஐந்தாவது பிரசவத்தோடு ஆபரேஷன் செய்துகொண்ட புஷ்பத்தை இந்தத் தெருவுக்கே உதாரணமாகக் காட்டுவாளாம். நான் இருக்கும் ஊரில் பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள் என்றதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்படிச் சாதித்தீர்கள், யார் பிரசாரம் செய்தார்கள், ஆபரேஷன் செய்துகொண்டால் இங்கே கொடுப்பதுபோல பக்கெட் கொடுத்தார்களா, பணம் கொடுத்தார்களா என்று கேட்டாள். யாரும் ஒன்றும் செய்யவில்லை, அவர்களே நிறுத்திக்கொண்டார்கள், இப்போது பெற்றுக்கொள்ளச் சொன்னாலும் கேட்பதில்லை என்றேன். அவள் நம்பவில்லை. ஏதோ ரகசியத்தை மறைக்கிறேன் என்று முகம் சுளித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் எண்ணூர். ஜெர்மனியில் பஸ் எட்டு பதினேழு என்றால் எட்டு பதினேழுக்கு வரும். நான் காத்திருந்த பஸ் வருவதற்குள் இரண்டு இளநீர் குடித்து முடித்தேன். வந்த பஸ்ஸும் திருவொற்றியூர் தேரடியருகே புகை விட்டு நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்த இரண்டு ஆலைத் தொழிலாளிகள் ஆபரேஷனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறவன், மற்றவன் செய்துகொண்டவன். "பக்கெட்டு ஒரே மாசத்துல ஒடஞ்சி போச்சி நைனா, அத்த இன்னான்னு போய் கேக்கறது?" என்றான் செய்துகொண்டவன். யோசித்தவன் அதோடு யோசனையைக் கைவிட்டுவிட்டான் என்று நினைக்கிறேன்.

எண்ணூரில் புதிய மின்நிலையத்தின் புகைபோக்கிகளைத் தாண்டி, கழிமுகத்தை ஒட்டிய குப்பத்தில் இரண்டு பெண்கள் தயாராக இருந்தார்கள். சித்தப்பன் பெரியப்பன் மக்கள். நண்டு வறுத்துப் போட்டார்கள், அப்பன்மார் இருவரும் கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள். திரும்பும் வழியில் திருவொற்றியூரில் மூன்றாவது பெண். அவள் அப்பா மட்டும் என்ன வேலை என்று கேட்டார். நர்ஸ் வேலை என்றேன்.

அது முழு உண்மையில்லை. நான் போனபோதும் நர்ஸ் வேலை என்றுதான் சொல்லி அழைத்துப் போனார்கள். முதல் மூன்று வருஷம் தரை துடைத்தேன், துணி வெளுத்தேன், மலச் சட்டி கழுவினேன். பாஷை வரட்டும், அப்புறம் பள்ளியில் சேர்க்கிறோம் என்றார்கள். பாஷை ஆறு மாதத்தில் வந்துவிட்டது. பள்ளி மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தது. இந்தப் பெண்களுக்கும் அதுவேதான் ஏற்பாடு என்பது எனக்குத் தெரியும். நான் தாங்கிக்கொண்டேனே, இவர்களும் தாங்கிக்கொள்வார்கள் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஞானஸ்நானத்துக்கு ஆறு கைக்குழந்தைகள் வரிசையில் காத்திருந்தன. ஆறும் ஒன்றாக வீறிட்டதில் சாமியார் சொன்ன ஜெபம் யார் காதிலும் விழவில்லை. எங்கள் ஜெர்மானியக் கோயிலில் சாமியார் ஒரு ஞானஸ்நானம் வந்துவிட்டால் பிரசங்கத்திலேயே அதைச் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

கோயில் வாசலில்தான் லூர்து தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் நிறுத்தினாள். லூர்து எங்கள் தெரு, புஷ்பத்தின் சிநேகிதி. மகள் பெயர் அருள்மேரி. வயது பத்தொன்பது, பதினோராவது முடித்தவள், தீப்பெட்டி ஆலையில் லேபிள் ஒட்டுகிறாள். நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசினாள். "அங்க போனா படிக்க வெப்பாங்களா?" என்று கேட்டாள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அதெல்லாம் உண்டு என்று அவசரமாகச் சொன்னேன். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. அவளை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

லூர்து எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டாள். நான் அவளுக்கு ஜெர்மன் சோப்பும் சாக்லேட்டும் கொடுத்தேன். நான்கு பெண்கள், மூன்றே நாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் அருள் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, எங்கம்மா இன்னும் ஒத்துக்கலியே."

"லூர்து கையெழுத்துப் போட்டாச்சே?"

"அது அக்கா. எங்கம்மா காசிமேட்ல கீது. அது சொன்னாதான் நான் வருவேன்."

புஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. வந்ததும் வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் அது நடந்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

லூர்துக்கு முதல் மூன்று பிள்ளைகளும் ஒரு வயது தாண்டுவதற்குள் இறந்துபோயின. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பிள்ளை சாகாத வீடே கிடையாது. நாலாவதாக அருள் பிறந்ததும், பெற்றவள் கையில் இருந்தால் இதுவும் தங்காது என்று பயந்து அதை விற்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளைகள் உயிரோடு இருக்கும் வேறொருத்தி வந்து, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துக் குழந்தையை விலைக்கு வாங்கிக்கொள்வாள். பிறகு வளர்த்துக் கொடு என்று பெற்றவளிடமே ஒப்படைத்துவிட்டுப் போவாள். தவிட்டுக்கு விலைபோன பிள்ளையை எமன் சீண்டமாட்டான் என்று கணக்கு. வாங்கியவள் கன்னியம்மா. காசிமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள், இரண்டு ஆண்பிள்ளைகளுக்குத் தாய். லூர்து வேதக்காரி, கன்னியம்மா அம்மன் கோயிலுக்குத் தீ மிதிக்கிறவள். எமனை ஏமாற்றுவதில் வேதம் குறுக்கே வரவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான்.

அருள் பிழைத்தாள். அவளுக்குப் பின் பிறந்த மூன்றும் பிழைத்தன. அம்மை குத்தியதும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும், மருந்தும்தான் காரணம் என்று நர்ஸ் படித்த நான் சொல்வேன். லூர்துவிடம் சொல்லிப் பாருங்கள். தெருவில் இத்தனை பிள்ளைகள் ஏறி விழுந்து ஓடுவதே, இப்போது பிறந்ததெல்லாம் பிழைத்துவிடுவதால்தான். எப்படியானாலும் அருள் அன்றிலிருந்து பெற்றவளை அக்கா என்கிறாள், வாங்கியவளை அம்மா என்கிறாள். வேலை முடிந்து தினமும் காசிமேட்டுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறாள். கன்னியம்மாவின் மூத்த மகன் விசாகப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டுகிறான், இளையவன் மாமியார் வீட்டோடு போய்விட்டான்.

சாமியாரிடம் போனேன். லூர்து கையெழுத்தே சட்டப்படி போதும், தவிடும் உமியும் மூடத்தனம் என்றார். சட்டம் சரிதான். அருள் வரமாட்டாளே.

நான்காம் நாள் விடியற்காலையில் காசிமேடு. ஜெர்மனியில் வாங்கிய செருப்பு நாலடியிலேயே சேற்றில் மாட்டிக்கொண்டது. கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். ஏலம் போடுகிறவர் மூச்சு விடாமல் பாடுவதுபோல விலை சொல்லிக்கொண்டிருந்தார். கன்னியம்மா என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்தும் பார்க்காததுபோல இரண்டு கூடை சங்கரா மீன் எடுத்து, அதில் ஒன்றை அங்கேயே கைமாற்றி, பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். டீயும் பொறை ரொட்டியும் வாங்கிக் கொடுத்துக் குந்தச் சொன்னாள்.

"ஊரான் ஒருத்தன் வந்து கேட்டுட்டுப் போனா எனக்கு வருத்தமில்ல. நீ மொறத்த புட்சிகினு நின்னவ. லூர்து கைல சோப்பக் குட்த்துட்டு எம் புள்ளய இட்டுகினு போலாம்னு பாத்தியா?"

தப்புத்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? பிறகு அந்த ஊரைப் பற்றிச் சொன்னேன். மூடப்போகும் மேல்மாடி, காலித் தொட்டில்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லாத கிழவிகள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீனைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஊர்ல பொம்பளைங்களே இல்லியா?"

"கீறாங்க. பெத்துக்கறதுதான் கொறஞ்சி போச்சு."

"ஏன், சோறு இல்லியா?"

"அதெல்லாம் நெறைய கீதுக்கா."

"அப்போ அவங்க பெக்காம வுட்டதுக்கு எம் புள்ள போய் பீ வாரணுமா?"

சம்பளம், மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் பணம், தம்பி தங்கைகள் படிப்பு என்று என் வழக்கமான பேச்சை எடுத்துவிட்டேன். மூன்று வீடுகளில் செல்லுபடியான பேச்சு. அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, சத்தத்தை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஒங்கம்மா ரெண்டு வருசம் படுக்கைல கெடந்தாளே, யாரு குளிப்பாட்டுனது?"

புஷ்பம்தான் குளிப்பாட்டினாள். அந்த இரண்டு வருஷமும் நான் முன்பின் தெரியாத கிழவிகளுக்கு வெந்நீரில் துணி நனைத்து முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இறந்த தந்தி வந்த அன்றும் மூன்று பேரைக் குளிப்பாட்டினேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சேற்றில், மீன் கூடைகளுக்கு நடுவே, எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்ததில் கோபமும் வந்தது. கோபம் வந்தால் நான் வேகமாக நடப்பேன். ராயபுரம் வரை செருப்பைக் கையில் பிடித்தபடியே நடந்தேன்.

வேறு பெண்ணைப் பார் என்றாள் புஷ்பம். தெருவில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பெண் மேல் விழும் என்றார் அண்ணன். இரண்டு நாள் பார்த்தேன். பார்த்த பெண்களிடமெல்லாம் அருளைத்தான் தேடினேன். அவளோ தன் பங்குக்குக் கன்னியம்மாவிடம் தினமும் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள் சாயங்காலம் சேதியோடு வந்தாள். சும்மா கொடுக்க முடியாதாம். விலைக்கு வாங்கிய பிள்ளையை விலைக்குத்தான் விற்க முடியும், தவிடு கொண்டு வரச் சொல் என்றாளாம். கிண்டல் பண்ணுகிறாள் என்று புஷ்பம் சொன்னாள். கிண்டலோ நிஜமோ, கொண்டுபோவது என்று தீர்மானித்தேன்.

தவிடு அந்த வருஷம் சுலபத்தில் கிடைக்கவில்லை. அரிசியே ரேஷனில் அளந்து போடுகிற காலம், மில்லில் கேட்டால் விரட்டினார்கள். கடைசியில் தண்டையார்பேட்டையில் எருமை வைத்திருக்கும் ஒரு பால்காரரைப் பிடித்தேன். மாட்டுக்கே போதவில்லை, பேஜாரு பண்ணாதே என்று முதலில் எரிந்து விழுந்தார். பிள்ளை வாங்க என்றேன். மனிதர் உடனே எழுந்தார். மூட்டையைப் பிரித்து மரக்காலில் கோபுரமாக அளந்தார். "புள்ளைக்கின்னா தல தட்டக் கூடாதும்மா" என்றார்.

ஜெர்மன் கடை ஒன்றின் பெயர் போட்ட பிளாஸ்டிக் பை என்னிடம் இருந்தது. அதில் தவிட்டைக் கொட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கேதான் தப்பு செய்தேன். காற்று அடித்ததில் தவிடு கிளம்பி, முன் சீட்டில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவரின் எண்ணெய் தேய்த்த தலையில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் கத்த, கண்டக்டர் விசில் ஊத, அடுத்த நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டார்கள். இறங்கும்போது பையின் காது அறுந்தது. பாதித் தவிடு ரோட்டில். ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, தன் தலைத்துண்டை விரித்து, என்னோடு குனிந்து மண் கலக்காமல் மேலாக அள்ளிக் கொடுத்தார். எதற்கென்று கேட்டார், சொன்னேன். காசிமேட்டில் இறக்கிவிடும்வரை தன் நாலு பிள்ளைகளின் பெயரையும் குணத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே மிதித்தார்.

கன்னியம்மா வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஆக, கிண்டல் இல்லை. அருள் சுவரோரம் நின்றாள், லூர்துவும் வந்திருந்தாள். கன்னியம்மா தவிட்டை முறத்தில் கொட்டச் சொல்லி, கையை விட்டு அளைந்து, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். கல் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"அங்க இவ இன்னா வேல செய்வா?"

நர்ஸ் வேலை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தவிட்டு முறம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. சொல்ல முடியவில்லை. முதல் மூன்று வருஷம் தரை துடைக்க வேண்டும், மலச் சட்டி கழுவ வேண்டும், படிப்பு அப்புறம்தான், அதுவும் அவர்கள் மனசு வைத்தால்தான் என்று சொன்னேன். அருள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"இத்த வாங்கிகினா இவ ஒம் புள்ள. ஒம் புள்ளய அப்டி வுடுவியா?"

"வுட மாட்டேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே வுட மாட்டேன்க்கா."

கன்னியம்மா முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உன்னைக் கடைசியில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டேன். "சாவு கைலருந்து காப்பாத்ததான் அவள வாங்குனேன். எனக்குக் கஞ்சி ஊத்த இல்ல" என்றாள். பிறகு அருளைக் கூப்பிட்டு, இனிமேல் தன்னை அம்மா என்று அழைக்கக் கூடாது, அழைத்தால் விற்றது செல்லாது என்றாள். அருள் சரி என்று தலையாட்டிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். வெகு நேரம் திரும்பி வரவில்லை.

அங்கிருந்து நேராகத் தபாலாபீஸ். ஜெர்மன் மொழியில் தந்தி எழுதிக் கொடுத்ததும் குமாஸ்தா எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டு, என்ன சேதி என்று கேட்டார். நான்கு பெண்களுக்கும் முதல் நாளிலிருந்து நர்ஸ் பள்ளிக்கூடம், எழுத்தில் வேண்டும், இல்லையென்றால் நான்கு பேரும் இல்லை, நானும் இல்லை என்று தமிழில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வேலையை விட்டுடப் போறீங்களாம்மா?" என்றார். அவர்கள் கையில் இருக்கிறது என்றேன்.

வெளியே வந்ததும்தான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. ஒன்பது வருஷத்து வேலை. மேல்மாடியின் மூன்றாவது கட்டிலில் இருக்கும் கிழவி, நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். அவளையும் நினைத்தேன். ஆனால் அவளுக்குப் பிள்ளை இல்லாதது இந்தப் பெண்கள் செய்த குற்றமில்லை. அந்தக் கண்டத்துக்கே ஆள் தேவைப்படுகிறது, அதைச் சொல்லிக் கேட்கட்டும், படிக்க வைத்து அழைத்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்து புஷ்பத்திடம் சொன்னேன். "அம்மாவ குளிப்பாட்டுனதுக்கு என்னிக்காவது நீ என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கியா?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டாள். சம்பந்தம் இருந்தது. அன்றுதான் சொன்னேன். இரண்டு பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதோம், குழம்பு அடி பிடித்துவிட்டது.

அடுத்த நாளே எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் போய், மறைத்ததைச் சொன்னேன். ஒரு தகப்பன் கோபப்பட்டார். மற்ற இருவரும், பதில் வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார்கள்.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டு பேருக்குப் பள்ளி, இரண்டு பேருக்குச் சமையலறை. ஜெர்மனியர்கள் எதையும் சரிபாதியாக வெட்டுவதில் கெட்டிக்காரர்கள். நான் திருப்பி அனுப்பிய தந்தியில் மூன்றே சொற்கள். நால்வர். அல்லது பூஜ்யம். அதற்குப் பதில் வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் புஷ்பம் வைத்த குழம்பு எனக்கு ஜெர்மன் மீன் மாதிரிதான் இருந்தது. தெருவில் சிலர், செலினை வேலையிலிருந்து துரத்திவிட்டார்களாம் என்று பேசத் தொடங்கினார்கள். துரத்தட்டும், இங்கே ஆஸ்பத்திரிக்கா பஞ்சம் என்று அவர்கள் காதில் விழும்படியே சொன்னேன்.

சம்மதம், கடிதம் பின்னால் வருகிறது என்று மூன்றாவது தந்தி வந்தது. தந்தியே போதுமே என்றார் அண்ணன். போதாது என்றேன். கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம் கையில் கிடைக்கும்வரை ஒரு பெட்டியையும் கட்டவிடவில்லை. மூன்று வாரம் என்று வந்தவள் ஆறு வாரம் தங்கினேன்.

புறப்பட்ட அன்று காலை டாக்ஸியில் அருளை ஏற்றிக்கொண்டு, எண்ணூர் போய் இரண்டு பெண்களையும் திருவொற்றியூரில் ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு, கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பினோம். காசிமேட்டருகே கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. சாலையோரம் கன்னியம்மா கூடையை இறக்கி வைத்து ஒரு கிராக்கியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். டாக்ஸியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒரு மீனைத் தூக்கிச் செவுளைப் பிரித்து அந்தக் கிராக்கிக்குக் காட்டத் தொடங்கினாள். வண்டி கடக்கும்வரை திரும்பவில்லை. அருள் கூப்பிடவில்லை. கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் கையை உள்ளே இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, கண்ணாடிய ஏத்திடட்டுமா? மீன் வாசன உங்க பொடவைல ஏறிக்கும்" என்றாள்.

முப்பத்து நாலு வயதுவரை எந்தப் பிள்ளையும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"வேணாம், தெறந்தே இருக்கட்டும்" என்றேன்.